கற்பூரப் போத்தலும் அணு மணிக்கூடும்: கார உலோக ஆவி எங்கிருந்து வருகிறது?

திருகோணமலைக் கொட்பே துறையில் பலநாட் படகொன்று ஐஸ் ஏற்றிக்கொண்டு நின்றது. படகுக்காரர் என்னிடம் படித்த ஒரு பொடியனின் தகப்பன். சுக்கான் அறைக்குள் கூட்டிப்போய் ஜிபிஎஸ் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "சேர், இதுக்கு நேரம் வாறது மேல பறக்கிற அணு மணிக்கூட்டில இருந்தாம். மகன்தான் சொன்னவன். அணு எண்டா கதிர்வீச்சு வராதோ? கிழமைக்கணக்கா இதுக்குப் பக்கத்திலதானே படுக்கிறம்."

இல்லை என்றேன். "அப்ப அதுக்குள்ள என்னதான் கிடக்கு?" என்றார். கொஞ்சம் உலோக ஆவி என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஆவியோ? கேத்தல் மாதிரியோ?"

ஐஸ் ஏற்றி முடிவதற்குள் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவர் மட்டுமல்ல, உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளும் இதே இரண்டு இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். அணு என்றால் குண்டு, ஆவி என்றால் கொதி. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. அணு மணிக்கூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் லேசரையும் செய்மதியையும் வருணிப்பார்கள். அந்த ஆவி எங்கிருந்து வருகிறது, யார் அதை அளந்து ஊற்றுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கருவியைக் கட்டுகிறவர்களுக்குத் தூக்கம் போவது பெரும்பாலும் அந்தக் கேள்வியால்.

அணு என்றதும் குண்டு இல்லை

அணுவின் நடுவில் கரு, வெளியில் இலத்திரன்கள். குண்டிலும் அணுமின் நிலையத்திலும் கரு உடைகிறது. மணிக்கூட்டில் கருவை யாரும் தொடுவதில்லை. ஆக வெளியில் இருக்கும் ஒற்றை இலத்திரன் ஒரு சிறு காந்தம்போல நடந்துகொள்கிறது. அது கருவின் காந்தத்தோடு ஒரே திசையில் நிற்கலாம், எதிர்த்திசையிலும் நிற்கலாம். இரண்டு நிலைக்கும் சக்தியில் மிகச் சிறிய வித்தியாசம் உண்டு. சரியான மீடிறனில், அதாவது வினாடிக்குச் சரியான எண்ணிக்கை அதிர்வோடு, ஒரு நுண்ணலை வந்தால் இலத்திரன் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் திரும்பும். மீடிறன் கொஞ்சம் பிசகினாலும் அசையாது.

அந்த எண்ணிக்கை சீசியம்-133 அணுவுக்கு 9,192,631,770. திருகோணமலையில் உள்ள சீசியத்துக்கும் செவ்வாயில் உள்ள சீசியத்துக்கும் ஒரே எண்தான். 1955இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் லூயிஸ் எஸ்ஸனும் ஜக் பரியும் நம்பி நேரம் பார்க்கக்கூடிய முதலாவது சீசியம் மணிக்கூட்டை ஓடவிட்டார்கள். 1967இல் இந்த எண்ணையே ஒரு வினாடியின் வரைவிலக்கணமாக உலகம் ஏற்றுக்கொண்டது.

சீசியம்-133 கதிர்த்தொழிற்பாடு அற்றது. செர்னோபில் செய்திகளில் வந்த சீசியம்-137 வேறு சமதானி, அதாவது அதே மூலகத்தின் வேறொரு வகை அணு. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த வீண்பழி இது. மணிக்கூட்டில் பயன்படும் இன்னோர் அணுவான ரூபிடியம்-87 உண்மையில் மிக மெல்லிய கதிர்த்தொழிற்பாடு உள்ளது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 4,900 கோடி வருடம். பிரபஞ்சத்தின் வயதே 1,400 கோடியைத் தாண்டாதபோது இதற்குப் பயப்படுவது வீண்.

இன்னொரு திருத்தம். படகில் இருக்கும் பெட்டிக்குள் அணு மணிக்கூடு இல்லை, சாதாரண குவார்ட்ஸ் பளிங்குதான் இருக்கிறது. அணு மணிக்கூடுகள் இருப்பது 20,200 கிலோமீற்றர் உயரத்தில், ஜிபிஎஸ் செய்மதிகளில். புதிய தலைமுறைச் செய்மதி ஒவ்வொன்றும் மூன்று ரூபிடியம் மணிக்கூடுகளைக் கொண்டுபோகிறது. இந்தியா 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செய்மதியில் உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் மணிக்கூடு போனது. நேரத்தில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீற்றர் பிசகும். இரவில் வலை விட்ட இடத்தைத் தேடிப்போகிறவருக்கு 300 மீற்றர் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

உப்பின் உறவுக்காரர்

அடுப்பில் சோறு பொங்கி வழிந்து உப்புத் தண்ணீர் நெருப்பில் பட்டால் சுவாலை பளிச்சென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள் உப்பிலுள்ள சோடியத்தினுடையது. பழைய தெருவிளக்குகளின் மஞ்சளும் சோடிய ஆவியினுடையதுதான்.

சோடியம் இருக்கும் குடும்பத்துக்குக் கார உலோகங்கள் என்று பெயர். இலித்தியம், சோடியம், பொற்றாசியம், ரூபிடியம், சீசியம் என்று வரிசை போகும். எல்லோருக்கும் ஒரே சுபாவம். வெளியோட்டில் தனித்த ஓர் இலத்திரன். தனியாள் என்பதால் அதனோடு பேசுவது சுலபம். ஒளியாலும் நுண்ணலையாலும் அதைத் திருப்பலாம், திரும்பியதா என்று பார்க்கலாம். அணுப் பௌதிகவியல் கருவிகள் இந்தக் குடும்பத்தைச் சுற்றியே கட்டப்படுவதற்கு முதற்காரணம் அது.

அதே தனி இலத்திரன்தான் தொல்லையும். அதை யாருக்காவது கொடுத்துவிட இந்த உலோகங்கள் துடிக்கும். ஒட்சிசன், தண்ணீர், சில கண்ணாடிகள் என்று எது கிடைத்தாலும் சரி. ரூபிடியத் துண்டொன்றைத் திறந்த வளியில் வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் போட்டால் வெடிக்கும். இன்னொரு குணம், இவை சீக்கிரம் உருகும். சோடியத்துக்கு 98 பாகை செல்சியஸ் வேண்டும், ரூபிடியத்துக்கு 39.3 போதும், சீசியத்துக்கு 28.5 மட்டும். எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கு மேசையில் வைத்த சீசியக் குப்பி மத்தியானத்துக்குள் தங்க நிறத் திரவமாகிவிடும். தங்க நிறம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. சீசியம் உண்மையிலேயே மங்கிய பொன்னிறம்.

சுருக்கமாக, இந்த அணுக்களோடு பேசுவது எளிது, இவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது கடினம்.

கொதிக்காமலே ஆவி

இப்போது கேத்தலை மறந்துவிட்டு சாமித்தட்டுக்கு வாருங்கள்.

கற்பூரத்தை மூடியில்லாமல் வைத்தால் கட்டி நாளுக்கு நாள் சிறுக்கும். அது உருகவும் இல்லை, கொதிக்கவும் இல்லை. மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வளிக்குள் போகின்றன. அதே கற்பூரத்தைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக்கி மூடினால் கொஞ்ச நேரத்தில் சிறுப்பது நின்றுவிடும். கழன்று போகிறவையும் திரும்பி வந்து ஒட்டுகிறவையும் சமமாகிவிட்டன. போத்தலுக்குள் ஆவியின் அளவு ஒரு நிலைக்கு வந்துவிட்டது. அந்தச் சமநிலையில் ஆவி கொடுக்கும் அமுக்கம்தான் ஆவியமுக்கம்.

அணு மணிக்கூட்டின் இதயமும் இப்படியொரு போத்தல்தான். வளி முழுவதையும் இழுத்தெடுத்த சிறு கண்ணாடிக் குடுவைக்குள் ரூபிடியம் ஒரு துளி. இதை ஆவிக்கலம் என்போம். 25 பாகையில் அந்த உலோகத்திலிருந்து கழன்று மிதக்கும் அணுக்கள் ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1,300 கோடி. கேட்கப் பெரிய எண். ஆனால் நாம் மூச்சிழுக்கும் வளியில் அதே இடத்துக்குள் இதைப்போல 200 கோடி மடங்கு மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆவிக்கலத்தைக் கண்ணால் பார்த்தால் வெறும் போத்தல்தான். புகையும் தெரியாது, நிறமும் தெரியாது.

சூடாக்கினால் ஆவி கூடும். எவ்வளவு வேகமாகக் கூடும் என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வெப்பநிலை இரட்டித்தால் ஆவியும் இரட்டிக்கும் என்று நினைப்பார்கள். ரூபிடியத்துக்குச் சுமார் 8 பாகை ஏறினாலே ஆவி இரட்டித்துவிடும். 25 பாகையில் இருந்ததைவிட 80 பாகையில் 100 மடங்குக்கும் மேல். எங்கள் ஊரில் விடியற்காலை 26, மத்தியானம் 34. வெயில் ஏறியதாலேயே கலத்துக்குள் அணுக்கள் இரட்டித்துவிடும்.

அதனால் என்ன? மாரி மழையில் கடலில் நின்று கலங்கரை விளக்கத்தைப் பார்த்தவருக்குப் பதில் தெரியும். மணிக்கூட்டில் கலத்தின் ஒரு பக்கம் விளக்கு அல்லது லேசர், மறுபக்கம் ஒளியை அளக்கும் உணரி. ரூபிடியம் அணுக்கள் அந்த ஒளியில் ஒரு பங்கை விழுங்கி, மெல்ல மெல்ல எல்லாமே ஒரே நிலைக்குத் தள்ளப்படுகின்றன. அதற்குமேல் விழுங்க முடியாது, ஒளி தடையின்றிப் போகும். அப்போது சரியான மீடிறனில் நுண்ணலை வந்தால் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி விழுங்கத் தொடங்கும். உணரியில் வெளிச்சம் சற்றே மங்கும். அந்த மங்கலைத் தேடிப்பிடித்து அதிலேயே நிற்பதுதான் மணிக்கூட்டின் வேலை முழுவதும். அணுக்கள் குறைந்தால் மங்கல் தெரியாது. கூடினால் மழை இருட்டு: ஒளி மறுபக்கம் வந்துசேராது, அணுக்கள் தங்களுக்குள் முட்டி மீடிறனையும் கலக்கிவிடும்.

ஆகவே நல்ல ஆவிமூலம் என்றால் நிறைய ஆவி தருவது என்று எண்ண வேண்டாம். கேட்ட அளவைத் தந்து, அந்த அளவிலேயே நிற்பதுதான் நல்ல மூலம். மணிக்கூட்டுக் கலங்களைப் பெரும்பாலும் சுற்றுப்புறத்தைவிடக் கூடிய சூட்டில், சின்னக் கருவிகளில் 80 பாகைக்கு அண்டிய சூட்டில், வைத்திருப்பதன் காரணமும் இதுதான். வெளியில் வெயில் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே இருக்கும் சூடாக்கி ஒன்றே கட்டுப்படுத்திக்கொள்ளும், குளிரூட்டி தேவையில்லை.

குளிர்ந்த மூலை

கற்பூரப் போத்தலை இன்னும் எடுத்துவைத்துவிட வேண்டாம். அதைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சில நாள் விட்டுப் பாருங்கள். விளக்கைப் பார்த்த பக்கம் தெளிவாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில், சூடு குறைந்த கண்ணாடியில், உப்புப் பூத்ததுபோல் கற்பூரப் பளிங்குகள் படியும். ஆவி போய்ச்சேரும் இடம் எப்போதும் குளிர்ந்த இடம்.

ஆவிக்கலத்திலும் இதே விதிதான். கலம் முழுவதும் 80 பாகையில் இருந்து, ஒரு மூலை மட்டும் 60 பாகையில் இருந்தால் உலோகம் முழுவதும் அந்த மூலைக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆவியின் அளவைத் தீர்மானிப்பதும் அந்த 60 பாகைதான். 80ஐ அளந்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறவர் ஏமாந்துபோவார்.

நான் ஏமாந்தவன். வாத்தியாராவதற்கு முன் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் இந்த வேலையில் இருந்தேன். பெருவிரல் அளவு கண்ணாடிக் கலம். இரண்டு முனையிலும் ஒளி போய்வரத் தட்டையான கண்ணாடி, நடுவில் கீழ்நோக்கி ஒரு சின்ன வால். உலோகம் அந்த வாலுக்குள்தான் இருக்க வேண்டும், ஆகவே வாலைத் தெரிந்தே கொஞ்சம் குளிர விட்டிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முனைக் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பியின் பற்றாசு கழன்றிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை உணரியில் ஒளியே இல்லை. லேசர் பழுதென்று நினைத்து மத்தியானம் வரை லேசரைக் குடைந்தோம். கடைசியில் மூடியைக் கழற்றிப் பார்த்தால், முனைக் கண்ணாடி முழுக்க வெள்ளிப் பூச்சு. அதில் என் மீசை வடிவாகத் தெரிந்தது.

கம்பியை ஒட்டி, முனையை வாலைவிடச் சூடாக வைத்து இரண்டு நாள் காத்திருந்தோம். பூச்சு ஓரத்திலிருந்து கரைந்து, சின்னச் சின்ன வெள்ளித் துளிகளாகச் சுருங்கி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. வாலுக்குள் துளி திரும்பப் பருத்தது. உலோகம் ஒரு துணிக்கைகூடத் தொலையவில்லை, வீடு மாறிப்போய்த் திரும்பி வந்தது அவ்வளவுதான்.

உள்ளே கொண்டுபோவது எப்படி

வளி பட்டால் கெட்டுப்போகும் பொருளை, வளி இல்லாத குடுவைக்குள் எப்படி வைப்பது? மிகப் பழைய வழி, கண்ணாடிக் குப்பி. ஒரு கிராம் உலோகத்தை அடைத்து உருக்கி மூடிய குப்பியை நெளியக்கூடிய உலோகக் குழாய்க்குள் வைத்து, குழாயை வெற்றிடமாக்கி, வெளியிலிருந்து குழாயை நெரித்து உள்ளே குப்பியை உடைப்பார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு குழாயை மெல்லச் சூடாக்கி உலோகத்தைக் கலத்துக்குள் ஓட்டுவார்கள். சுத்தமான உலோகம் கிடைக்கும். ஆனால் ஒரு கிராம் மிக அதிகம். ஏதாவது உடைந்தால் தீப்பிடிக்கும் பொருள் கையிருப்பில் நிற்கும். செய்மதிக்கோ கையில் கொண்டுதிரியும் கருவிக்கோ இது சரிவராது.

இரண்டாவது வழியைத் தொழிலில் டிஸ்பென்சர் என்பார்கள். உலோகத்தை உலோகமாக வைக்காமல் சாந்தமான உப்பாக, குறோமேற்றாக, வைத்துக்கொள்வார்கள். வளி பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதோடு அந்த உப்பைப் பிரிக்கும் தாழ்த்தி ஒன்றைப் பொடியாகக் கலந்து, மெல்லிய பிளவு விட்ட நிக்குரோம் குழலுக்குள் அடைப்பார்கள். குழலுக்குள் சில அம்பியர் மின் ஓடவிட்டால் அது பல நூறு பாகைக்குச் சூடேறும். தாழ்த்தி ஒட்சிசனைப் பறித்துக்கொள்ள, தனித்துவிடப்பட்ட ரூபிடியம் பிளவால் வெளியேறும். அந்தத் தாழ்த்தி சேர்க்கோனியமும் அலுமினியமும் சேர்ந்த கலப்புலோகம். சேர்க்கோனியத்தின் கனியம் சேர்க்கோன். அது இல்மனைற்றோடும் றூட்டைலோடும் எங்கள் மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது. லொறியில் போகும் கறுப்பு மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிக்குரோம் குழல்தான் ஞாபகம் வரும்.

சேர்க்கோனியக் கலப்புலோகத்துக்கு இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. வெற்றிடத்தில் மிஞ்சி நிற்கும் ஐதரசன், ஒட்சிசன், காபன் ஓரொட்சைட்டுப் போன்ற வாயுக்களைப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வாயுப்பிடியைக் கெற்றர் என்பார்கள். இருந்தும் டிஸ்பென்சரை முதன்முறை சூடாக்கும்போது ரூபிடியத்துக்கு முன்னால் வேண்டாத வாயுக்கள்தான் வரும். அதைப் பம்பியால் இழுத்து வெளியேற்றும்வரை பொறுமை வேண்டும். புதுச் சட்டியில் முதற் சமையலைக் கொட்டிவிடுவதுபோல.

மூன்றாவது வழி சிறு கருவிகளுக்கானது. 2004இல் அமெரிக்காவின் தேசிய நியம மற்றும் தொழினுட்ப நிறுவனம் அரிசிமணி அளவான அணு மணிக்கூட்டு உறுப்பொன்றைக் காட்டியது. 2011இல் கடைக்கு வந்த சில்லு (சிப்) மணிக்கூடு முழுவதுமே 120 மில்லிவாற்றுக்குக் குறைவான மின்னில் ஓடுகிறது. அதற்குள் பல வாற்றுத் தின்னும் டிஸ்பென்சரை ஓடவிட முடியாது. ஆகவே உலோகத்தைத் தொழிற்சாலையிலேயே கலத்துக்குள் பிறப்பித்துவிடுகிறார்கள். சிலிக்கன் தட்டில் துளை, இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் சீசியம் ஏசைட்டு. மூடிய பிறகு கழியூதா ஒளியைப் பாய்ச்சினால் ஏசைட்டு சீசியமாகவும் நைதரசனாகவும் பிரியும். அந்த நைதரசன் கழிவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த சங்கதி. சீசியம் அணு சுவரில் ஓடிப்போய் முட்டாமல் இடையில் நின்று தடுக்கும் வாயு எப்படியும் வேண்டும், அதற்குத் தாங்கல் வாயு என்று பெயர். ஒரே தாக்கத்தில் அரிசியும் பருப்பும் கிடைத்துவிட்டது.

குப்பி, டிஸ்பென்சர், ஏசைட்டு மூன்றுமே ஒருவழிப் பாதை. வெளியே வந்த அணுவைத் திரும்ப மூலத்துக்குள் அழைக்க வழி இல்லை. அடுத்த பகுதி அந்தக் குறையைப் பற்றியது.

பைப் வேண்டும், கேத்தல் வேண்டாம்

கேத்தலின் குணம், அடுப்பை அணைத்த பிறகும் சூடு நிற்கும், ஆவி வந்துகொண்டிருக்கும். பைப்பை மூடினால் தண்ணீர் நின்றுவிடும். இந்த வித்தியாசம் குளிர் அணுக் கருவிகளில் உயிர்ப்பிரச்சினை.

குளிர் அணு என்றால் என்ன? ஆறு பக்கத்திலிருந்தும் லேசரால் தள்ளி ஓட்டத்தைக் குறைத்து, காந்தப் புலத்தின் உதவியோடு வெற்றிடத்தின் நடுவில் ஒரு சின்ன மேகமாகப் பிடித்துவைத்த அணுக்கள். இந்த முறைக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஈர்ப்புமானிகளும் மிக நுட்பமான மணிக்கூடுகளும் இதை நம்பி நிற்கின்றன.

இங்கே ஒரு முரண். மேகத்தைச் சீக்கிரம் நிரப்ப வேண்டுமானால் சுற்றிவர நிறைய ரூபிடியம் ஆவி வேண்டும். நிரம்பிய மறுகணமே அதே ஆவி எதிரியாகிவிடும். கரம் பலகையில் காய்களை நடுவில் வடிவாக அடுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? சூடான தனி அணு ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரைக்கர். ஆகவே முதலில் நிறைய, பிறகு ஒன்றுமே வேண்டாம். இரண்டும் சில வினாடி இடைவெளியில்.

டிஸ்பென்சர் சூடான இரும்பு. மின்னை நிறுத்தினாலும் ஆற நேரமெடுக்கும். செம்புக் கட்டையோடு இறுக்கிச் சூட்டைச் சீக்கிரம் வடியவிடலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதனால்தான் வேறு வழி தேடினார்கள்.

ஒன்று ஒளி. கலத்தின் சுவரில் எப்போதும் ஒரு படை அணுக்கள் ஒட்டியிருக்கும். நீல அல்லது கழியூதா ஒளியை அடித்தால் அவற்றில் ஒரு பங்கு சுவரை விட்டுக் கழன்று வரும். ஒளியை நிறுத்தினால் வரத்து நிற்கும், மிதப்பவை திரும்பச் சுவரில் ஒட்டும். சூடு இல்லை, ஆறக் காத்திருப்பதும் இல்லை. ஆனால் சுவரில் உள்ளது கையிருப்பு மட்டுமே, அடிக்கடி அடித்தால் தீர்ந்துபோகும். பிறகு நிரம்ப நேரம் விட வேண்டும்.

இன்னொன்று காரீயம், அதாவது கிரபைட். பென்சிலுக்குள் இருக்கும் அதே பொருள்தான். அப்பளக் கட்டுபோலத் தாளின் மேல் தாளாக அடுக்கிய காபன். அந்தத் தாள்களுக்கிடையில் ரூபிடியமும் சீசியமும் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். முழுதாக நிரம்பினால் 8 காபனுக்கு 1 கார அணு. கொஞ்சம் சூடாக்கினால் வெளியே வரும், ஆறவிட்டால் உள்ளே போகும். இது பஞ்சுபோல வேலை செய்யும் ஒரு மூலம், வழி இரண்டு பக்கமும் திறந்தது. பழைய சீசியக் கற்றை மணிக்கூடுகளில் வேலை முடித்து வந்த அணுக்களை உறிஞ்ச ஏற்கெனவே காரீயம் வைத்திருந்தார்கள். அங்கே அது குப்பைத்தொட்டி. இப்போது அதையே பெட்டகமாகவும் பயன்படுத்துகிறார்கள். போகலையிலும் ககட்டகாவிலும் மிகத் தூய காரீயத்தைத் தோண்டும் நாட்டில் பிறந்தவனுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் பெருமை வரத்தான் செய்யும். ஆய்வுகூடத்தில் பயன்படுவது செயற்கையாகச் செய்தது என்பது வேறு கதை.

மூன்றாவதுதான் பைப்புக்கு மிகக் கிட்ட வருவது. சில திண்மங்கள் மின்னைச் சும்மா கடத்தாது, ஆனால் அவற்றுக்குள் கார உலோக அயன்கள், அதாவது இலத்திரனை இழந்த அணுக்கள், ஊர்ந்து போகும். சோடியம்-கந்தக மின்கலங்களில் இருக்கும் பீற்றா அலுமினா அப்படிப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் கையிருப்பு, மறுபக்கத்தில் வெற்றிடத்தைப் பார்த்த மெல்லிய உலோக வலை. ஒரு திசையில் சிறு மின்னழுத்தம் கொடுத்தால் அயன்கள் வலையை வந்தடைந்து இலத்திரனைப் பெற்று ஆவியாகும். திசையை மாற்றினால் மிதக்கும் அணுக்கள் இலத்திரனைக் கழற்றிவிட்டு உள்ளே போகும். திறக்கவும் மூடவும் ஒரே ஆளி. மின் மிகக் குறைவு. இன்னும் பிடிபடாத கஷ்டங்கள் அந்த வலையில்தான் இருக்கின்றன. அணுவுக்கு வழி விடுமளவுக்கு மெல்லியதாகவும், வருடக்கணக்கில் உரியாமல் நிற்குமளவுக்குப் பலமாகவும் அது இருக்க வேண்டும். அயன்கள் சுறுசுறுப்பாக ஊர அந்தத் திண்மத்தையும் கொஞ்சம் சூடாக்கத்தான் வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், கையில் கொண்டுதிரியும் குளிர் அணுக் கருவிக்குக் கடைசியில் காரீயமும் இந்தத் திண்மமும் சேர்ந்த ஒன்றுதான் நிலைக்கும் என்பேன். ஒளி முறை அழகானது, ஆனால் அது நிரம்பக் காத்திருக்கும் தண்ணீர்த் தாங்கி.

தீர்ந்துபோகுமா?

படகுக்காரரிடம் பிறகு ஒருநாள் இதில் பாதியைச் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி டீசலைப் பற்றியதுபோல் இருந்தது. "எவ்வளவு ஊத்தினா எத்தினை வருசம் ஓடும்?"

ஒரு மில்லிகிராம் ரூபிடியத்தில் 7 கோடி கோடி அணுக்களைப்போல 10,000 மடங்கு இருக்கும். இப்படிச் சொன்னால் மனதில் நிற்காது. 20 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை முழுவதும் வெற்றிடமாக்கி, 25 பாகைக்குரிய ரூபிடியம் ஆவியால் நிரப்ப ஒரு மில்லிகிராம் போதும். கலமோ கடலை அளவு. அதோடு மணிக்கூடு அணுக்களை எரிப்பதில்லை. அதே அணுவைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறது. கணக்குப்படி அது ஒருபோதும் தீரக்கூடாது.

ஆனாலும் தீரும். கண்ணாடிதான் தின்கிறது. சூடான கண்ணாடிக்குள் கார அணுக்கள் மெல்ல ஊறிப்போய் அங்கேயுள்ள ஒட்சிசனோடு பிணைந்துவிடும். எங்கோ ஒரு மூலையில் மிஞ்சிய ஈரமும் தன் பங்கைக் கேட்கும். இதைத் தடுக்கக் கார உலோகத்தைத் தாங்கும் அலுமினோசிலிக்கேற்றுக் கண்ணாடி பயன்படுகிறது. சிறு கலங்களின் உட்சுவரில் சில பத்து நனோமீற்றர் தடிப்பில் அலுமினியம் ஒட்சைட்டும் பூசுகிறார்கள். செய்மதியில் ஏறப்போகும் ரூபிடியம் விளக்குகளில், எத்தனை வருடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் கண்ணாடிக்குள் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துத்தான் உலோகத்தை இடுவார்கள். கூடவும் இட முடியாது. மிச்சம் துளியாக மிதந்து கண்ணாடியில் படிந்தால் என் மீசை தெரிந்த கதைதான்.

இதையெல்லாம் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு பக்கம் போனார். "சேர், 28இல உருகும் எண்டீங்கள், 39இல உருகும் எண்டீங்கள். அப்ப ரெண்டு குப்பியையும் கன்னியாக் கிணத்துக்குள்ள விட்டா?"

நான் இதை யோசித்ததே இல்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழுக்கும் சூடு ஒன்றில்லை. சீசியக் குப்பி எந்தக் கிணற்றிலும் உருகும். ரூபிடியக் குப்பிக்குக் கிணறு பார்த்து இறக்க வேண்டும். இந்த இரண்டு உலோகத்தையும் உலகுக்கு முதலில் காட்டியவர்கள் புன்சனும் கிர்க்கோவும். 1860இல் ஜெர்மனியின் டுர்க்கைம் ஊற்றுத் தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சிய உப்பின் சுவாலையில் அதுவரை யாரும் கண்டிராத இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்துச் சீசியத்தைக் கண்டுபிடித்தார்கள். மறு வருடம், வேறொரு கனியத்தில் கடுஞ்சிவப்புக் கோடுகளாக ரூபிடியம் அகப்பட்டது. அதுவும் ஊற்றுத் தண்ணீரில் தொடங்கிய கதைதான் என்று அவரிடம் சொன்னேன்.

"குப்பி உடைஞ்சா?" என்றார்.

"உடைஞ்சா, அந்தக் கிணறு இருக்காது அண்ணை."